கரண்டியைக் கீழே வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. மகளின் எடை கூடிக்கொண்டே போகிறது. பள்ளி விட்டு வந்து சோபாவில் சாய்ந்தால் எழுந்திருப்பதில்லை. நீச்சல், பாட்மின்டன், கராத்தே, இதில் எதில் சேர்த்தால் எடை சீக்கிரம் குறையும்? சின்னவன் நேர்மாறு. கைபேசியில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பான். ஒரு வேளை ஊட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. நடுநடுவே பால் கொடுத்துச் சமாளிக்கிறேன். பாலில் கலந்து கொடுக்க நல்ல சத்துப் பவுடர் ஒன்று சொல்ல முடியுமா?

வி.

அன்புள்ள வி.,

பவுடர் வேண்டாம். வகுப்பு விஷயத்தில் மகளைக் கேளுங்கள். எதற்குப் போக அவளுக்கு ஆசையோ அதில் சேருங்கள். எடையைக் குறைக்கத்தான் சேர்க்கிறோம் என்று அவள் காதுபடப் பேசாதீர்கள்.

கேட்ட இரண்டுக்கும் பதில் முடிந்தது. என்னை எழுத உட்கார வைத்தது, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த ஒன்றேகால் மணி நேரம். மூன்று வேளைக்கும் சேர்த்தால் நாளில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கரண்டியோடு போகிறது. நீங்கள் எவ்வளவு களைத்திருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனால் அதை ஒரு பிரச்சினையாகவே நீங்கள் எழுதவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவனுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் 9 கிலோவைத் தொடுகிறது. இரண்டாம் ஆண்டில் ஏறுவது இரண்டரை கிலோ அளவுதான். அதன்பின் பள்ளிப் பருவம் வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ. வளர்ச்சியின் வேகம் இவ்வளவு தணியும்போது பசியும் தணியத்தான் செய்யும். இது நோயல்ல. ஒவ்வொரு பண்டத்திலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தொடங்குவதற்கான உத்தேச அளவு. நான்கு வயதென்றால் நான்கு. தட்டில் நீங்கள் போடுவது எத்தனை கரண்டி என்று இன்றிரவு அளந்து பாருங்கள்.

அடுத்தது, சமாளிக்கக் கொடுக்கிற பால். எத்தனை டம்ளர் என்று எழுதவில்லை. நான்கு என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு நீக்காத பால் 200 மில்லியில் சுமார் 130 கலோரி இருக்கிறது. நான்கு டம்ளருக்கு 520. இந்த வயதில் ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1200 முதல் 1400 கலோரி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடித்தே முடித்துவிட்டவனைத் தட்டின் முன் உட்காரவைத்து, பசிக்கவில்லை என்கிறான் என்று கோபிக்கிறீர்கள். அதோடு பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலின் கால்சியம் மற்ற உணவில் உள்ள இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கிறது. இரும்பு குறைந்தால் பசி மந்தமாகும், பசி மந்தமானால் நீங்கள் இன்னொரு டம்ளர் ஆற்றுவீர்கள். பால் அதிகமாகிற பிள்ளைகள் பலருக்கு மலச்சிக்கலும் வரும். வயிறு கட்டிக்கொண்ட பிள்ளை எப்படிச் சாப்பிடும்? நாளுக்கு 500 மில்லியைத் தாண்ட வேண்டாம். அதையும் சிற்றுண்டி வேளையோடு சேர்த்துக் கொடுங்கள்.

இனி கரண்டிக்கு வருகிறேன். அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் 1980களில் எளிமையான ஒரு பங்கீட்டை முன்வைத்தார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை முடிவு செய்யும். உங்கள் வீட்டில் இது அப்படியே தலைகீழ். எப்போது என்பதை அவன் அழுகை தீர்மானிக்கிறது, எங்கே என்பதைக் கைபேசி தீர்மானிக்கிறது, எவ்வளவு என்பதை மட்டும் நீங்கள் கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்.

'அவனிடம் விட்டால் பட்டினி கிடப்பான்' என்பீர்கள். கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1920களின் பிற்பகுதியில், தாய்ப்பால் மறந்த குழந்தைகளின் முன் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளை வைத்து, அவர்களையே எடுத்துக்கொள்ள விட்டார். செவிலியர் எதையும் நீட்டக் கூடாது. குழந்தை கை காட்டினால் மட்டும் எடுத்துத் தரலாம். சில நாள் முட்டையாகவே விழுங்கினார்கள். ஆனாலும் நன்றாக வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயோடு வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்திருந்த மீன் ஈரல் எண்ணெயை நோய் தீரும்வரை தானாகவே குடித்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே வைத்த எல்லாமே சர்க்கரை சேராத, இயல்பான உணவுகள். பிஸ்கட்டும் சிப்ஸும் அங்கே கிடையாது. அதனால்தான் 'என்ன உணவு' என்பது உங்கள் பொறுப்பு என்கிறேன்.

வற்புறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2006இல் ஏமி காலோவே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது 'குடித்து முடி' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், மற்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத சூப்தான் அதிகம் குடிக்கப்பட்டது. சொல்லிச் சொல்லிக் கொடுத்ததைப் பிள்ளைகள் குறை கூறினார்கள். 'இதை முடித்தால் ஐஸ்கிரீம்' என்பதும் இதே ரகம்தான். ஐஸ்கிரீம் பரிசாகிவிடுகிறது, காய் தண்டனையாகிவிடுகிறது.

கார்ட்டூனில் கண்ணை வைத்துக்கொண்டு வாய் திறக்கிறவனுக்கு வயிறு நிறைந்தது தெரியாது. நான்கு வயதில் பழக வேண்டிய அறிவு அது. தயவுசெய்து அதை மழுங்கடிக்காதீர்கள்.

நாளை முதல் இப்படிச் செய்யுங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். பால், ஜூஸ், ஒரே ஒரு பிஸ்கட், எதுவும் கூடாது. உட்கார்ந்தால் அவன் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பெரியவர்களின் நாற்காலியில் கால் அந்தரத்தில் ஆடினால், விழாமல் இருப்பதே அவனுக்கு வேலையாகிவிடும். ஐந்து நிமிடத்தில் நெளிந்து இறங்கிவிடுவான். பாதம் முழுக்கப் பதியும்படி ஒரு முக்காலியோ பெட்டியோ கீழே வையுங்கள், முழங்கால் செங்கோணத்தில் மடங்கி இருக்கட்டும். மேசை அவன் மார்புக்குக் கீழே வர வேண்டும். நீங்களும் உங்கள் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேசையில் அவன் வழக்கமாகச் சாப்பிடுகிற ஒரு பண்டம் எப்போதும் இருக்க வேண்டும். அதோடு புதியது ஒன்று, நகத்தளவு. தொட்டாலும் சரி, முகர்ந்து தள்ளினாலும் சரி, நக்கிவிட்டுத் துப்பினாலும் சரி, நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். புதிய சுவையை ஏற்க பல பிள்ளைகளுக்கு எட்டு முதல் பதினைந்து முறையாவது அதைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் முறையிலேயே 'இவனுக்குக் காரட் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். முகம் சுளிக்காமல் எடுக்க வேண்டும்.

இது எங்கே உடையும் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாள் இரவில். சரியாகச் சாப்பிடாமல் படுக்கப் போவான், உங்கள் மனசு கேட்காது, ஒரு டம்ளர் பாலோடு போய் நிற்பீர்கள். பிடிவாதம் பிடித்தால் பால் வரும் என்று அன்றைக்குக் கற்றுக்கொள்வான். படுக்கைக்கு முன் ஒரு சிற்றுண்டி வேண்டுமென்றால் அட்டவணையிலேயே வைத்துவிடுங்கள், அழுகைக்குப் பதிலாக வைக்காதீர்கள். ஒரு நாளை வைத்துக் கணக்குப் போடாமல் வாரத்தை வைத்துப் பாருங்கள்.

மகளிடமும் இதே தவறுதான் நடக்கிறது என்று ஊகிக்கிறேன், திசை மட்டும் வேறு. அவனுக்குத் திணிக்கிறீர்கள், அவளிடமிருந்து பிடுங்குவீர்கள். கண்ணெதிரே வைத்துக்கொண்டு மறுக்கிற பண்டத்தின் மீதுதான் ஆசை வளரும். வேண்டாததை வீட்டுக்குள் வாங்கி வராதீர்கள், வந்தபின் ஒளித்து வைக்காதீர்கள். ஒன்பது வயது பூப்புப் பருவத்தின் வாசல். உயரம் பாயும் முன் உடல் சதை போடுவது சகஜம். இந்த வயதில் பெரும்பாலும் எடையைக் குறைக்க வேண்டியதில்லை, எடை அதே இடத்தில் நிற்க உயரம் ஏறினாலே போதும். அவளுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர் வளர்ச்சி வரைபடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். தம்பியையும் அவளையும் ஒப்பிட்டுப் பேசாமல் இருக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது எலும்பும் தசையும் வலுப்பெறும் ஓட்டம், குதித்தல், ஏறுதல் இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் மீதி ஐந்து நாள் என்ன செய்வாள்? 60 நிமிடம் ஒரே மூச்சில் இருக்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகவும் சேரலாம். பள்ளி விட்டு வந்ததும் வரிசையை மாற்றுங்கள்: முதலில் சிற்றுண்டி, உடனே வெளியே. சோபாவும் திரையும் இருட்டிய பிறகு. சாய்ந்த பிள்ளையை எழுப்புவது கடினம், சாயாத பிள்ளையை வெளியே அனுப்புவது எளிது. முதல் சில நாட்களுக்கு நீங்களும் கூடப் போய்ப் பந்து எறியுங்கள். தம்பிக்கும் வேலை கொடுங்கள். ஓடி வந்தவனுக்குப் பசிக்கும். தின்றதற்குத் தண்டனையாக ஓடச் சொல்வது மட்டும் கூடாது.

மகனின் எடை நின்றுபோனாலோ குறைந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, முகம் வெளிறி மண், ஐஸ்கட்டி என்று தேடித் தின்றாலோ, சாப்பிடும் பண்டங்களின் பட்டியல் மாதாமாதம் சுருங்கினாலோ, அட்டவணையை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்துக்கான ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். போகும் முன் மூன்று நாளுக்கு அவன் குடித்த பாலை மில்லிக் கணக்கில் ஒரு தாளில் எழுதி, அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

அன்புடன்