‘டு கேட்ச் எ தீஃப்’ படத்தில் நாயகனை ஏன் ‘பூனை’ என்கிறார்கள்?

கூரை, ஜன்னல் வழியாக ஓசையில்லாமல் ஏறி இறங்கித் திருடுபவனை ஆங்கிலத்தில் பூனைத் திருடன் என்பார்கள். ஹிட்ச்காக்கின் இந்த 1955 படத்தில் ஜான் ராபி (கேரி கிராண்ட்) நகைத் திருட்டை விட்டுவிட்டு பிரான்ஸின் தென்கடற்கரையில் நிம்மதியாக வாழ்கிறான். அவன் பாணியிலேயே வேறு யாரோ திருட, பழி அவன்மேல் விழுகிறது. உண்மைத் திருடனைப் பிடிக்க அவனே கிளம்புகிறான். பாம்பின் கால் பாம்பறியும். அடுத்து எந்த வீடு, எந்தக் கூரை என்று போலீஸைவிட அவனுக்குத்தான் தெரியும். ஒளித்துவைத்த முறுக்கு டப்பாவை, சின்ன வயதில் திருடித் தின்ற அண்ணன்தானே முதலில் கண்டுபிடிப்பான்! (திருடன் யார் என்பதைவிட நாயகி கிரேஸ் கெல்லியின் சீண்டல்தான் எனக்குப் பிடித்தது.)

இந்தப் படப்பிடிப்பில்தான் கெல்லி, பின்னாளில் தான் மணந்த மொனாக்கோ இளவரசரைச் சந்தித்தார் என்பார்கள். இல்லை, படப்பிடிப்பு நடந்தது 1954-ல், சந்திப்பு 1955 மே மாதம், கான் திரைவிழாவுக்கு வந்தபோது.