நட்சத்திரமாக இல்லாத பேஸ்பால் இன்ஃபீல்டரின் (பேஸ்களை ஒட்டி நின்று பந்தைத் தடுப்பவர்) தொழில் வாழ்க்கை எப்படி ஓடுகிறது? அவர்கள் ஏன் இத்தனை அணி மாறுகிறார்கள்?

ஆட்டம் சரியில்லாததால்தான் அணி மாறுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் சாதாரண இன்ஃபீல்டரைப் பெட்டி கட்ட வைப்பது பெரும்பாலும் ரோஸ்டர் (அணியின் வீரர் பட்டியல்) விதிகள்தான். அவை பிடிபட்டால் அவருடைய பத்துப் பன்னிரண்டு வருட ஓட்டமும் பிடிபட்டுவிடும்.

மொத்தம் 30 அணிகள். ஒவ்வொன்றின் ஆடும் பட்டியலிலும் 26 பேர். அதில் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அநேகமாக எல்லா அணியும் அந்த 13ஐயும் நிரப்பிவிடும். மீதி 13 பேரில் 9 பேர் அன்றைய பேட்டிங் வரிசைக்குப் போனால் பெஞ்சில் மிஞ்சுவது 4 பேர். அந்த நால்வரில் ஒருவர் இரண்டாவது கேட்சர் (பேட்ஸ்மேனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்), இன்னொருவர் அவுட்ஃபீல்டர் (களத்தின் தூரப் பகுதியில் நிற்பவர்). மிச்சமுள்ள இரண்டு இடத்தில் ஒன்று, செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப் (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவே உள்ள இடம்), தேர்ட் பேஸ் மூன்றையும் தாங்கக்கூடிய யுடிலிட்டி இன்ஃபீல்டருக்கு. அணிக்கு ஒன்று என்று வைத்தாலும் மேஜர் லீக் முழுக்க இந்த வேலைக்கு இருப்பது சுமார் 30 நாற்காலி. அதற்கு, மேஜர் லீக்குக்கு அடுத்த கீழ்ப்படியான டிரிப்பிள்-ஏ மட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

அந்த மூன்றில் ஷார்ட்ஸ்டாப்தான் சோறு போடும் இடம். செகண்ட் பேஸ் மட்டும் ஆடத் தெரிந்தவரை பெஞ்சில் வைத்திருக்க எந்த மேனேஜரும் விரும்புவதில்லை. ஷார்ட்ஸ்டாப்புக்கு அடிபட்டால் அன்றிரவே வேறு ஆள் தேட வேண்டியிருக்கும். மாறாக, ஷார்ட்ஸ்டாப் ஆடுபவர் மற்ற இரண்டு இடத்துக்கும் ஒரு வசந்தகாலப் பயிற்சிக்குள் பழகிவிடுவார். ஷார்ட்ஸ்டாப் ஏன் கடினம் என்ற கணக்கு எளிது. வலது கை பேட்ஸ்மேன் ஒருவர் பந்தை அடித்துவிட்டு 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட ஏறத்தாழ 4.3 நொடி. பந்து தரையில் உருண்டு வருவது, குனிந்து எடுப்பது, கையுறையிலிருந்து கைக்கு மாற்றுவது, 120 அடிக்கு மேல் எறிவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தேர்ட் பேஸ் பக்கம் ஆழமாகப் போகும் பந்தைப் புறங்கையால் எடுத்து, வலது காலை ஊன்றி, ஓட்டத்தை நிறுத்தாமல் எறியக் கை பலம் வேண்டும். கை பலம் குறையும்போது முதலில் போவது இந்த ஒரு பந்துதான். ஸ்கௌட்டுகள் (வீரர்களைப் பார்த்து மதிப்பிடுபவர்கள்) கவனித்து எழுதிவைப்பதும் அதையே.

செகண்ட் பேஸில் எறியும் தூரம் குறைவு, ஆனால் டபுள் பிளே (ஒரே பந்தில் இருவரை அவுட் ஆக்குவது) திருப்பம் ஆபத்தானது. முதல் பேஸிலிருந்து ஓடிவருபவர் செகண்ட் பேஸ்மேனின் பார்வைக்கு வெளியிலிருந்து வருகிறார். பந்தை வாங்கி, இடது காலால் பேஸைத் தொட்டு, உடம்பைத் திருப்பி, முதல் பேஸுக்கு எறிய ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் இருக்கும். 2015 பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்று) எதிரணியின் சேஸ் அட்லி சறுக்கி மோதியதில் மெட்ஸ் அணியின் ரூபன் தேஹாடாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகு 2016இல் சறுக்கும் விதி கடுமையாக்கப்பட்டது. அதற்கு முன்பு எத்தனையோ இன்ஃபீல்டர்களின் முழங்கால் இந்த ஓர் அசைவில்தான் போயிருக்கிறது. தேர்ட் பேஸில் வேலை வேறு மாதிரி: மணிக்கு 100 மைலைத் தாண்டி வரும் பந்துக்கு யோசிக்க நேரமே கிடையாது, முன்னங்காலில் நின்று உடம்பால் மறிக்க வேண்டும்.

இதனால் இவர்களின் பையில் ஒரே க்ளவ் இருக்காது. நடு இன்ஃபீல்டுக்கு 11.25 முதல் 11.5 அங்குலம், பள்ளம் ஆழமாக இருந்தால் பந்தைத் துழாவ வேண்டிவரும், அதனால் சிறியது. தேர்ட் பேஸுக்கு 11.75 அல்லது 12. அவசரத்துக்கு முதல் பேஸ் மிட் ஒன்று. இப்போதெல்லாம் பலர் இடது அவுட்ஃபீல்டும் நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதால் 12.5 அங்குலத்துக்கு மேற்பட்ட இன்னொன்று. அத்தனையையும் பதப்படுத்தி வைத்திருக்க வேண்டும். புதுத் தோலோடு எட்டாவது இன்னிங்ஸில் களத்துக்கு அனுப்பப்பட்டால் முதல் பந்தே தெறிக்கும்.

இனி விதிகள். 26 பேர் பட்டியலுக்குப் பின்னால் 40 பேர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவரை மைனர் லீக் என்ற கீழ்மட்டத்துக்கு அனுப்பி மீண்டும் அழைக்கும் உரிமைக்கு ‘ஆப்ஷன்’ என்று பெயர். பொதுவாக ஒருவர் மீது மூன்று சீசனுக்கு இந்த உரிமை அணிக்கு உண்டு. ஒரு சீசனில் அப்படிக் கீழே இருந்த நாட்கள் மொத்தம் 20ஐத் தொட்டால் ஓர் ஆப்ஷன் கழிந்தது. கீழே அனுப்பப்பட்ட ஃபீல்டர் குறைந்தது 10 நாள் அங்கே இருக்க வேண்டும். மேலே யாருக்காவது காயம் என்பது போன்ற சில காரணங்களுக்கு மட்டும் முன்கூட்டியே அழைக்கலாம். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்ப முடியாது.

ஆப்ஷன் இருக்கும்வரை அவர் அணிக்கு வசதியானவர். பிட்சிங் தேவைப்பட்டால் திங்கட்கிழமை கீழே, காயம் வந்தால் மேலே. ஆப்ஷன் தீர்ந்த வருடம் எல்லாம் தலைகீழ். அவரை இனி 26 பேரில் வைத்தாக வேண்டும், இல்லையேல் ‘டிஎஃப்ஏ’ (டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்) என்ற நடவடிக்கை. 40 பேர் பட்டியலிலிருந்து உடனே பெயர் நீங்கும். ஏழு நாளுக்குள் அவரை விற்க வேண்டும், வேய்வருக்கு விட வேண்டும், அல்லது விடுவிக்க வேண்டும். வேய்வர் என்றால் மற்ற அணிகள் எல்லாம் அவரைக் கேட்கலாம் என்று அர்த்தம். புள்ளிப்பட்டியலில் கீழே இருக்கும் அணிக்கே முதல் உரிமை. கேட்ட அணி சம்பளப் பொறுப்பையும் ஏற்கிறது. இப்படித்தான் ஒரே சீசனில் மூன்று ஊர் சட்டை போடும் இன்ஃபீல்டர்கள் உருவாகிறார்கள். அவர்களில் பலர் அந்த வருடம் முந்தைய வருடத்தைவிட நன்றாகவே ஆடியிருப்பார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றால் மைனர் லீக்குக்கு ‘அவுட்ரைட்’, அதாவது 40 பேர் பட்டியலுக்கு வெளியே வைத்துக் கீழே அனுப்புவது. முதல் முறை, மூன்று வருட சர்வீஸ் (மேஜர் லீக் ரோஸ்டரில் இருந்த காலம்) இல்லாதவருக்கு மறுக்க உரிமையில்லை. மூன்று வருடம் கடந்தவரோ, முன்பே ஒருமுறை அவுட்ரைட் ஆனவரோ மறுத்துவிட்டு, விரும்பிய அணியோடு சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம். நல்ல ஏஜென்ட் ஒருவரின் பயன் தெரிவது இந்தக் கட்டத்தில். எந்த அணியின் ஷார்ட்ஸ்டாப்புக்குத் தொடை இழுத்திருக்கிறது, எந்த டிரிப்பிள்-ஏ அணியில் முன்வரிசையில் யாருமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதிகப் பணம் தரும் அணியைவிட, ஷார்ட்ஸ்டாப்புக்கு மாற்று ஆள் இல்லாத அணியே இந்த வகை வீரருக்கு நல்லது. இதைத் தவறாகத் தேர்ந்தெடுத்து முழு சீசனையும் கீழேயே கழித்தவர்கள் ஏராளம்.

ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டிய இன்னொன்று, வெளியேறும் தேதி. ஆறு வருட சர்வீஸ் முடித்து, முந்தைய சீசனை மேஜர் லீக் ரோஸ்டரில் முடித்தவர் மைனர் லீக் ஒப்பந்தத்தில் சேர்ந்தால், சீசன் தொடங்க 5 நாள் முன்பும், மே 1, ஜூன் 1 தேதிகளிலும் விலகும் உரிமை இப்போது தானாகவே கிடைக்கிறது. மற்றவர்கள் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

பணம்? 2025இல் மேஜர் லீக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். சீசன் சுமார் 186 நாள் என்பதால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 4,080 டாலர் வருகிறது. 40 பேர் பட்டியலில் இல்லாத டிரிப்பிள்-ஏ வீரருக்கோ 2023 ஒப்பந்தப்படி ஆண்டுக்குக் குறைந்தது 35,800 டாலர். ஒன்பது நாள் மேலே இருந்தால் அந்த ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறார். அதனால்தான் 31 வயதிலும் இவர்கள் கீழே பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். சர்வீஸ் கணக்கில் 172 நாள் ஒரு வருடம். ஒரே ஒரு நாள் மேலே இருந்தாலும் ஓய்வுக்குப் பின் மருத்துவக் காப்பீட்டுக்குத் தகுதி; 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி. 43ஐ நெருங்கிய ஒருவர் செப்டம்பரில் அழைக்கப்படுகிறாரா என்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம். செப்டம்பரில் ரோஸ்டர் 28 ஆவதால் கிடைக்கும் அந்த இரண்டு இடங்களை யாரும் இலேசாக நினைத்துவிடக் கூடாது.

இந்தப் பாதையை நன்றாக நடந்தவர் என்று கேட்டால் நான் சொல்வது ஜேமி கேரல். 1996 டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) 14வது சுற்றில் மாண்ட்ரியால் எக்ஸ்போஸ் எடுத்தது. மேலே வந்தது 2002 செப்டம்பரில், 28 வயதில். பிறகு 2013 வரை நின்றார்: எக்ஸ்போஸ் (அது இடம்பெயர்ந்து ஆன வாஷிங்டன் நேஷனல்ஸ்), கொலராடோ ராக்கீஸ், கிளீவ்லாந்து, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், மினசோட்டா ட்வின்ஸ், கடைசியாக கான்சஸ் சிட்டி ராயல்ஸ். பன்னிரண்டு சீசனில் மொத்தம் 13 ஹோம் ரன். டாட்ஜர்ஸில் ஆடிய 2010, 2011 இரண்டு வருடமும் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு வருடமும் பேட்டிங் சராசரி .290 அளவில் இருந்தது, பேஸில் ஏறும் விகிதம் அதைவிட வெகு மேலே. ஷார்ட்ஸ்டாப் ராஃபேல் ஃபர்கால் காயத்தில் இருந்தபோது அந்த இடத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். மோசமான பந்தைத் தொடாமல் விடுவது, இரண்டு ஸ்ட்ரைக் ஆனாலும் பந்தை ஆட்டத்துக்குள் வைப்பது என்ற இரண்டு பழக்கம்தான் அவர் மட்டையின் முழு மூலதனம். அவர் ராக்கீஸில் இருந்தபோது, 2007 அக்டோபர் 1, பிளேஆஃப் இடத்துக்கான ஒற்றை ஆட்டத்தில் சான் டியாகோவுக்கு எதிராக 13வது இன்னிங்ஸ். எண்ணிக்கை 8-8, அவுட் எதுவுமில்லை, சக வீரர் மேட் ஹாலிடே மூன்றாவது பேஸில். வழக்கமான தேர்ட் பேஸ்மேனுக்குப் பதிலாக ஏற்கெனவே உள்ளே வந்திருந்த கேரல், சான் டியாகோ பிட்சர் டிரெவர் ஹாஃப்மனின் பந்தை வலது பக்கம் தூக்கி அடித்தார். பிடித்தார்கள், பிடித்ததும் ஹாலிடே ஓடிவந்து ரன் எடுத்தார், ராக்கீஸ் வென்றது. பெஞ்சில் இப்படி ஒருவர் இருப்பதன் மதிப்பு அந்த ஒரு பந்தில் தெரியும்.

மறுமுனையில் ட்ரூ மாகி. 2010இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 15வது சுற்றில் எடுத்த இன்ஃபீல்டர். பல அணிகளின் கீழ்மட்டத்தில் 1,155 மைனர் லீக் ஆட்டம் ஆடி, 2023 ஏப்ரல் 26 அன்று, 33 வயதில்தான் முதல் முறை மேஜர் லீக்கில் மட்டை பிடித்தார். 2021இல் ட்வின்ஸ் ஒருமுறை அழைத்தும் களத்தில் இறங்க வாய்ப்பு வரவில்லை. திறமையில் கேரலுக்கும் இவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சரியான வருடத்தில் சரியான அணியில் இடம் காலியாக இருந்ததா என்பதே பெரிய பங்கு.

சமீபத்திய விதி மாற்றங்கள் இவர்களுக்குக் கலவையான பலன் தந்தவை. 2022இல் மேஜர் லீக்கின் ஒரு பாதியான நேஷனல் லீக்கிலும் டிஎச் (பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் நியமிக்கப்படுபவர்) வந்ததும், பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க ஆள் இறக்கும் வழக்கம் போனது. பெஞ்ச் இன்ஃபீல்டரின் வாய்ப்புகளில் பெரும்பகுதி அதோடு போனது. 2023இல் ஷிஃப்ட் (இன்ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிப்பது) தடை வந்து, செகண்ட் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், கால்கள் மண் பகுதியின் வெளி எல்லைக்குள் என்று கட்டாயமானது. உண்மையாகவே நகரத் தெரிந்த செகண்ட் பேஸ்மேனுக்கு மதிப்பு கூடியது. கால் கனத்தவர்களை முன்பு ஷிஃப்ட் மறைத்துக் காப்பாற்றியது, இப்போது அது இல்லை.

ஜப்பான், கொரியா போகலாமே என்பார்கள். கொரிய லீக்கில் அணிக்கு வெளிநாட்டவருக்கான இடம் மிகக் குறைவு. அதை அவர்கள் பிட்சருக்கும் பலமாக அடிப்பவருக்கும்தான் செலவிடுகிறார்கள். க்ளவை நம்பி வாழும் இன்ஃபீல்டருக்கு அங்கே கிராக்கி இல்லை. டொமினிக்கன், வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோ குளிர்கால லீக்குகள்தான் பலனுள்ளவை: அக்டோபர் முதல் ஜனவரி வரை ஆடி, புதிய இடம் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம், பார்க்க ஸ்கௌட்டும் வருவார்.

ஆடி முடித்த பிறகு இவர்களில் நிறையப் பேர் பயிற்சியாளராகவும் மேனேஜராகவும் வருவதற்குக் காரணம் இருக்கிறது. எந்த நேரம் எந்த இடத்தில் இறக்கப்படுவார்கள் என்று தெரியாததால் எல்லாருடைய வேலையையும் படித்து வைத்திருப்பார்கள். 2018இல் பாஸ்டனுக்கு மேனேஜராக உலகத் தொடரை (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) வென்று தந்த அலெக்ஸ் கோரா இப்படிப்பட்ட இன்ஃபீல்டர். 1997 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் வெற்றி ரன்னை ஓடி எடுத்த கிரெய்க் கவுன்செல் இன்னொருவர். 2023 நவம்பரில் சிகாகோ கப்ஸ் அவரை மேனேஜராக எடுத்தபோது போட்ட ஒப்பந்தம் 5 வருடத்துக்கு 4 கோடி டாலர். ஆடிய காலத்தில் எந்த ஒரு வருடமும் அவருக்கு இந்தச் சம்பளம் கிடைத்ததில்லை.