துணையின் படிப்புக்காக ஊர் மாறுவதா? கேள்வி பதில்

கணவரின் முனைவர் பட்டப் படிப்புக்காக வேலையை விட்டுவிட்டு நாட்டின் மறுமுனைக்குக் குடிபோனவள் நான். பிற்பாடு என் படிப்புக்காக அவர் என்னோடு ஊர் மாறினார். நடுவில் 2 ஆண்டு ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். கடந்த 9 ஆண்டுகளாக, மேல்படிப்புக்கு வருபவர்களின் குடும்பத்தாருக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. வந்த கேள்விகளைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

அக்கா, மனைவிக்கு முனைவர் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஊர் நாட்டின் அந்தக் கோடியில். எனக்கு இங்கே 7 வருட வேலை. போகவா, வேண்டாமா? எங்கிருந்து யோசிப்பது?

எத்தனை வருடம் என்பதிலிருந்து தொடங்குங்கள், தம்பி. 2 வருட முதுகலைப் படிப்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். முனைவர் படிப்பு அப்படியல்ல. தாளில் 3 அல்லது 4 என்று போட்டிருப்பார்கள். 5, 6 வருடம் ஆவது வெகு சாதாரணம். என் கணவருக்கு 4 என்று சொன்னது 6 ஆனது. அதனால் அந்தத் துறையில் கடைசியாக முடித்துப் போன நான்கைந்து பேருக்கு எத்தனை வருடம் ஆனது என்று மனைவியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்து யோசியுங்கள், விளக்கக் குறிப்பில் இருக்கும் எண்ணை வைத்து வேண்டாம்.

அப்புறம் ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பத்தி ஆக்குங்கள். ஒன்றில் அவருக்கு வரப்போவது, இன்னொன்றில் உங்களுக்குப் போகப்போவதும் வரப்போவதும். இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். ஜேக்கப் மின்சர் என்ற பொருளியலாளர் 1978-ல் குடும்பங்களின் இடப்பெயர்வைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். குடும்பத்துக்கு மொத்தமாக லாபம் என்றால் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் தனி ஆளாக இருந்தால் கிளம்பியிருக்கவே மாட்டார் என்ற ஒருவரும் கூடவே போகிறார். அவரைக் கட்டுண்டு நகர்பவர் என்றார். போக ஆசையிருந்தும் குடும்பத்துக்காகத் தங்கிவிடுபவர் கட்டுண்டு தங்குபவர். மொத்தக் கணக்கில் இவர்களுடைய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். தனிப் பத்தியில் எழுதினால்தான் மனைவியும் அதைப் பார்ப்பார், நீங்களும் பார்ப்பீர்கள்.

கடைசியாக ஒன்று. போய் இரண்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நீங்கள் எங்கே, என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? அவர் ஆய்வகத்தில் இருப்பார், அது தெரியும். உங்களுக்கும் ஒரு பதில் இருந்தால் போகலாம். பதில் வரவில்லையென்றால், அதைக் கண்டுபிடிக்கிற வரை வேலைக்கு ராஜினாமா கொடுக்காதீர்கள்.

கல்யாணமாகி 8 மாதம்தான் ஆகிறது. கணவருக்கு 2 வருட முதுகலை. பிரிந்திருந்தால் உறவு கெட்டுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

முடியும் தேதி தெரிந்த பிரிவைத் தாங்கிக்கொள்ளலாம், தங்கச்சி. தேதி தள்ளிக்கொண்டே போகிற பிரிவுதான் ஆளை அரிக்கும். நாங்கள் 2 வருடம் அப்படி இருந்தபோது ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: அடுத்த சந்திப்புக்கு டிக்கெட் எடுக்காமல் இந்தச் சந்திப்பிலிருந்து கிளம்புவதில்லை. ரயில் நிலையத்தில் கையசைக்கும்போது இரண்டு பேர் மனத்திலும் ஒரு தேதி இருக்கும்.

விடுமுறை விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கல்லூரி மூடியிருக்கும் மாதங்களில்தான் பயிற்சி வேலையும் ஆய்வகமும் பிடித்துக்கொள்ளும். எப்போது உண்மையிலேயே ஓய்வு என்று மூத்த மாணவர்களிடம் கேட்டு, அதன்படி உங்கள் விடுப்பைச் சேர்த்து வையுங்கள்.

உதவித்தொகையை வைத்து இருவரும் அங்கே இருக்க முடியுமா? இல்லை, நான் இங்கேயே சம்பாதித்துக்கொண்டு இருப்பதுதான் சிக்கனமா?

பிரிந்திருப்பது சிக்கனம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இப்போது இருவர் மாத வருமானம் சேர்த்து 100, ஆளுக்கு 50 என்று வைத்துக்கொள்வோம். படிப்பில் சேர்ந்ததும் துணைக்கு உதவித்தொகை 20. நீங்கள் இங்கேயே இருந்தால் வரவு 70. ஆனால் இரண்டு வீட்டு வாடகை, இரண்டு அடுப்பு, போக்குவரத்து என்று செலவு 88 ஆகும். மாதம் 18 குறைகிறது. 24 மாதத்தில் 432.

சேர்ந்து போனால்? உங்களுக்கு வேலை கிடைக்கும் வரை வரவு 20, ஒரே வீட்டுச் செலவு 55, மாதம் 35 துண்டு விழும். சாமான் ஏற்றிப் போவதற்கும் வீட்டு முன்பணத்துக்கும் ஒரு 60. ஆறு மாதத்தில் 40 சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைத்தால் அதன்பின் மாதம் 5 மிஞ்சும். இரண்டு வருடம் முடியும்போது மொத்தக் குறை 180தான். வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனால் 420. அதாவது பிரிந்திருப்பதும் சேர்ந்திருப்பதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

ஆக, அந்த ஊரில் உங்களுக்கு எத்தனை மாதத்தில் வேலை கிடைக்கும் என்பதுதான் இந்தக் கணக்கைத் தீர்மானிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, குடிபோவதற்கு முன்பே இங்கிருந்து விண்ணப்பிப்பது. மூன்று மாதம் விண்ணப்பித்தும் ஒரு நேர்காணல்கூட வரவில்லையென்றால் ஒரு வருடக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி, கோடை மாதங்களில் உண்டா, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா என்பதையும் சேர்க்கைக் கடிதத்தில் தேடுங்கள். பன்னிரண்டு மாதமும் வரும் என்று நம்பிப் போய் ஒன்பது மாதத்தில் பணம் நின்றுபோய்த் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் "அங்கிருந்தே வேலை பாருங்கள், பிரச்சினை இல்லை" என்கிறார். நம்பிப் போகலாமா?

நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் அவரும் வேலை மாறுவார். மனிதவளத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். எந்த ஊரிலிருந்து, எத்தனை காலத்துக்கு, சம்பளம் மாறுமா, மாதம் எத்தனை நாள் நேரில் வர வேண்டும், அந்தப் பயணச் செலவு யாருடையது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.

நான் செவிலியர். வேலைக்குப் பஞ்சமில்லை என்பதால் யோசிக்காமல் போகலாம்தானே?

செவிலியர், ஆசிரியர், வழக்கறிஞர் இவர்களுக்கெல்லாம் பதிவு என்று ஒன்று இருக்கிறதே! பல நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவு. ஒரே நாடுதானே என்று போய், சான்றிதழ் சரிபார்ப்புக்காக மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு. இடம் உறுதியான அன்றைக்கே பதிவு மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பழைய பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்.

வந்து 5 மாதம் ஆகிறது. அவர் சந்தோஷமாக இருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. இப்படி நினைப்பது தப்பா, அக்கா?

தப்பே இல்லை, அம்மா. எனக்கு அது நான்காவது மாதம் வந்தது. ஒரு நாள் மாலை குழாய் ஒழுகியது, ரிப்பேர் செய்ய ஆள் கேட்க யாரையாவது கூப்பிடலாம் என்று கைபேசியை எடுத்தேன். அந்த ஊரில் நான் சேமித்திருந்த எண்கள் 11. அதில் 9 பேர் அவருடைய துறை ஆட்கள், அவர்களின் மனைவி, கணவன்மார். மீதி இரண்டு, வீட்டுக்காரரும் சமையல் வாயு கொண்டுவருபவரும். ஈரத் தரையில் நின்றுகொண்டு அந்தப் பட்டியலையே மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை என் பெயரால் கூப்பிட அந்த ஊரில் ஆளில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒழுகிய குழாய்க்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அன்று இரவு சண்டை அவரோடுதான்.

உங்கள் எரிச்சல் அவர்மேல் இருப்பதுபோல் தெரிந்தாலும், அடியில் இருப்பது இந்த வெறுமையாக இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள், அவர் வழியாக வராத ஒரு இடத்துக்குப் போங்கள். நூலகம், பாட்டு வகுப்பு, தன்னார்வ வேலை, உங்கள் துறை ஆட்கள் கூடுகிற ஏதாவது ஒன்று. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். முகம் பழக அதுதான் வழி. எனக்கு ஒரு தையல் குழுவில் ஆறாவது வாரம்தான் ஒருவர், "போன வாரம் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே வந்தேன்.

அவரிடமும் சொல்லிவிடுங்கள். சண்டையின் நடுவில் வேண்டாம், ஒரு சாதாரண நாளில். "உன்னால்தான் வந்தேன்" என்று தொடங்கினால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார். "எனக்கு இங்கே யாருமில்லை" என்று தொடங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் ஒட்டவில்லை என்று வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். பல கல்விக்கூடங்களில் மாணவர்களின் துணைக்கும் மனநல ஆலோசனை உண்டு. யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

பையன் பத்தாம் வகுப்பு போகப்போகிறான். இப்போது மாற்றலாமா?

பொதுத்தேர்வு ஆண்டின் நடுவில் வேண்டாம். ஒருவர் முன்னால் போய், மற்றவர் பையனோடு தேர்வு முடியும் வரை இருந்துவிட்டுப் பின்னால் போவதே நல்லது. சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். பதின்ம வயதுப் பிள்ளையிடம் முடிவெடுத்த பிறகு அறிவிக்காமல், எடுக்கும்போதே பேசுங்கள்.

நாங்கள் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காதலிக்காக ஊர் மாறுவது முட்டாள்தனமா?

இல்லை. ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். திரும்பி வருவதற்கும் மூன்று மாதம் தனியாக இருப்பதற்கும் தேவையான பணம் உங்கள் தனிக் கணக்கில் இருக்கட்டும். அந்தப் பணம் இருந்தால், தினமும் உங்கள் விருப்பத்தோடு அங்கே இருப்பீர்கள். இல்லாவிட்டால் வேறு வழியில்லாமல் இருக்க நேரிடும்.

"நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டேன். அம்மா படுக்கையில் இருக்கிறார். என் துணையின் படிப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று உறுத்துகிறது.

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. முதலில் சொன்னேனே, கட்டுண்டு தங்குபவர் என்று. அவருடைய இழப்பையும் யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் வராமலே அவர் படிக்க முடியுமா என்று இருவரும் சேர்ந்து கேளுங்கள். பகுதி நேரமாக, தொலைநிலையாக, அல்லது வகுப்புகளை அங்கே முடித்துவிட்டு ஆய்வை இங்கிருந்து எழுதுவதாக. எல்லாத் துறையிலும் முடியாது, ஆனால் கேட்காமலே முடியாது என்று விட்டவர்கள்தான் அதிகம். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்கச் சில இடங்களில் அனுமதிப்பார்கள். அப்படித் தள்ளிவைத்தால் உதவித்தொகையும் கூடவே தள்ளிவருமா என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். இடம் இருக்கும், பணம் போயிருக்கும் என்ற நிலை வரலாம்.

"இப்போது எனக்காக வா, அடுத்த முறை உன் முறை" என்கிறார். நம்பலாமா?

சொல்லும்போது மனதாரத்தான் சொல்வார். ஆனால் முனைவர் பட்டம் முடித்தவருக்கு அடுத்து ஒன்றிரண்டு வருட ஆய்வுப் பணி வேறு ஊரில் வரும், அதற்கடுத்து நிரந்தர வேலை இன்னொரு ஊரில் வரும். ஒவ்வொன்றும் விட முடியாத வாய்ப்பாகவே இருக்கும். உங்கள் முறை தள்ளிக்கொண்டே போகும்.

நாங்கள் ஒரு பக்கத் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினோம். மூன்றே வரி. இவருடைய பட்டம் முடிந்த பிறகு வரும் முதல் ஊரை நான் தேர்ந்தெடுப்பேன். 18 மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம். அதுவரை என் படிப்புக்கென்று மாதம் ஒரு தொகை தனிக் கணக்கில் போகும். வருடங்கள் போகப் போக அந்தத் தாள் மஞ்சளாகி, ஒரு மூலை கிழிந்து தொங்கியது. ஆறாவது வருடம் அவருக்கு ஒரு நல்ல அழைப்பு வந்தது. அன்றிரவு சட்டை எடுக்கக் கதவைத் திறந்தவர் சிறிது நேரம் அங்கேயே நின்றார். பிறகு வந்து, "நீ எந்த ஊர் பார்த்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். தாள் மட்டும் போதாது, அந்தக் கணக்கில் பணமும் இருந்தது. அதனால்தான் அவருடைய கேள்விக்கு அன்றே என்னால் பதில் சொல்ல முடிந்தது.

போவதென்று முடிவு செய்துவிட்டோம். முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் பெட்டிகளையும் அவர் பெட்டிகளோடு சேர்த்தே பிரியுங்கள். எங்கள் வீட்டில் அவர் புத்தகங்கள் முதல் நாளே அலமாரி ஏறின. என் தையல் இயந்திரம் டேப் ஒட்டியபடி 14 மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது. வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு இவற்றில் ஒன்றாவது உங்கள் பெயரில் இருக்கட்டும். பிறகு எதற்கெடுத்தாலும் முகவரிச் சான்று கேட்பார்கள், அப்போது உதவும்.