பின்பனிக்கால வானிலைக் கண்ணோட்டம்: கடற்கரைக்கு எவ்வளவு பொருந்தும்?

கேள்வி: எங்கள் கடலோரப் பகுதிக்கான பின்பனிக்காலக் கண்ணோட்டத்தில், வெப்பநிலை இயல்பைவிட அதிகமாக இருக்க 45 விழுக்காடு வாய்ப்பு என்று குறிப்பிட்டிருந்தார்கள். ஆனால், முதல் இரண்டு வாரம் குளிர் வாட்டி எடுத்துவிட்டது. கணிப்பு பொய்த்துவிட்டது என்றுதானே பொருள்?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுப் பதிவுகளை இயல்பைவிடக் குறைவு, இயல்பு, இயல்பைவிட அதிகம் என மூன்று சம பங்காகப் பிரித்து வைத்துக்கொண்டுதான் பல நாடுகளின் வானிலை மையங்கள் இத்தகைய கண்ணோட்டங்களைத் தயாரிக்கின்றன. எந்தத் தகவலும் கையில் இல்லாவிட்டால் ஒவ்வொரு பங்குக்கும் 33 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அது 45 ஆனது என்றால், தராசுத் தட்டு ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மீதி 55 விழுக்காடு மற்ற இரண்டு பங்குகளிடமே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது காலம் முழுவதற்குமான சராசரியைப் பற்றிய கணிப்பு. முதல் வாரம் இயல்பைவிட 2 டிகிரி குறைவு, இரண்டாம் வாரம் 1 டிகிரி குறைவு, மூன்றாம் வாரம் 3 டிகிரி அதிகம், நான்காம் வாரம் 4 டிகிரி அதிகம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் அந்த மாதம் இயல்பைவிட 1 டிகிரி வெப்பமான மாதம் என்றே பதிவாகும். அதில் உங்களை நடுங்க வைத்த இரண்டு வாரங்களும் அடங்கிவிடும். ஒரே பருவத்தை வைத்துக் கணிப்பாளரைக் குறைசொல்வதும் பாராட்டுவதும் ஒருபோலத் தவறு. 45 விழுக்காடு என்று சொன்ன தருணங்களையெல்லாம் பல ஆண்டுகளுக்குத் திரட்டி, அவற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 முறை அப்படி நடந்ததா என்று பார்ப்பதே முறையான சோதனை.

கேள்வி: பத்து நாளுக்கு அப்பால் மழையைச் சொல்ல முடியாது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பிறகு ஒரு மாதத்துக்கு எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறிய பிழைகூடப் போகப் போகப் பெருகிக் கணக்கையே மாற்றிவிடும் என்பதை அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-ல் காட்டினார், ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்வதற்கான எல்லை சுமார் இரண்டு வாரம் என்ற கருத்து அந்த ஆய்வுகளின் வழியே வலுப்பெற்றது. அந்த எல்லை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. மாதக் கண்ணோட்டம் அதைத் தாண்டுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைக் கைவிட்டுவிட்டு, மெதுவாக நகரும் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது.

அவற்றில் முதலாவது கடல்நீரின் வெப்பநிலை. வெப்பமண்டலப் பசிபிக் கடல்நீர் இயல்பைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா ஆகிய நிலைகள் மாதக்கணக்கில் நீடிப்பவை. இரண்டாவது, ரோலண்ட் மேடனும் பால் ஜூலியனும் 1971-ல் அறிவித்த அலைவு. வெப்பமண்டலத்தில் மேகக் கூட்டத்தோடு கிழக்கு நோக்கி நகரும் இது 30 முதல் 60 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. பின்பனிக்காலத்தில் என் கண் முதலில் போவது மூன்றாவதன் மேல்தான்: சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்தைச் சுற்றி ஓடும் காற்றுச் சுழல். அங்கே சில நாள்களுக்குள் வெப்பம் திடீரென்று ஏறிச் சுழல் குலைந்தால், அதன் விளைவு கீழே இறங்கிப் பல வாரங்கள் நிற்கக்கூடும். 2018 பிப்ரவரி நடுவில் வட துருவத்தின் மேல் அப்படி நிகழ்ந்தது. அந்த மாத இறுதியில் கிழக்கிலிருந்து வீசிய கடுங்குளிர் ஐரோப்பாவைக் கடந்து பிரிட்டனின் கடற்கரை வரை பனிப்பொழிவைக் கொண்டு சேர்த்தது. எல்லா முறையும் இப்படி நடப்பதில்லை என்பதால்தான் ஒரே கணினிக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையம் 2023 முதல் 46 நாள்களுக்கான கணக்கை, தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, நாள்தோறும் 101 முறை ஓட்டுகிறது.

கேள்வி: என் கைபேசிச் செயலி முப்பது நாளுக்கும் நாள்வாரியாக வெயில், மழைப் படம் காட்டுகிறதே?

பதில்: முதல் வாரத்தைப் பாருங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு வரும் படங்களை நம்பிப் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம்.

கேள்வி: வெயில் ஏறிக்கொண்டே வருகிறது, உள்நாட்டில் சூடு தெரிகிறது. கடற்கரை மட்டும் ஏன் இன்னும் குளிர்கிறது?

பதில்: கடல் தாமதமாகச் சூடாகி, தாமதமாகவே ஆறும். மேற்பரப்பிலுள்ள சுமார் 3 மீட்டர் நீர் மட்டுமே, அதற்கு மேலுள்ள காற்று மண்டலம் முழுவதற்கும் ஈடான வெப்பத்தைக் கொள்ளும். எனவே வட அரைக்கோளத்தின் மிதவெப்பக் கடல்களில் நீர் மிகவும் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். இளஞ்சூடான ஈரக்காற்று அந்த நீரின் மேல் தவழ்ந்து வரும்போது கடல்மூடுபனி கவிகிறது.

வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிற்கும் கரைகளில் சிக்கல் இன்னும் கூடுதல். காற்று நிலத்திலிருந்து வீசினால் பனிப்பொழிவு. சற்றே திரும்பிக் கடலிலிருந்து வீசினால் மழை. 10 மில்லிமீட்டர் மழையில் நனைந்துபோகும் சாலை, அதே நீர் பனியாக விழுந்தால் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மூடிக்கொள்ளும். எது நேரும் என்பதைக் காற்றின் திசையும் சில கிலோமீட்டர் தொலைவுமே தீர்மானிப்பதால், எந்த மாதக் கண்ணோட்டமும் அதைச் சொல்ல இயலாது.

கேள்வி: அப்படியானால் கரையோரத்தில் குடியிருப்பவர் இதை வைத்து என்னதான் செய்வது?

பதில்: புயல் வரும் நாளை ஒரு மாதம் முன்னதாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கடலின் ஏற்றவற்றத்தை ஆண்டுக்கணக்கில் முன்னதாகக் கணித்துவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகும். மார்ச் 20-ஐ ஒட்டிய சமபகல் நாள்களில் அது பெரும்பாலான கரைகளில் மேலும் மிகும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். அழுத்தம் 1013-லிருந்து 973-க்கு இறங்கும் புயலில் அதனால் மட்டுமே 40 சென்டிமீட்டர் ஏறிவிடும். காற்று கரைக்குத் தள்ளும் நீர் தனிக் கணக்கு.

ஆகவே நாட்காட்டியில் அந்தப் பெருக்கு நாள்களை இப்போதே குறித்து வையுங்கள். கண்ணோட்டத்தில் புயல்களுக்கு வாய்ப்புள்ள வாரம் அவற்றோடு சேர்ந்து வந்தால், அந்த வாரம் நெருங்கும்போது அன்றாட முன்னறிவிப்பைக் காலையும் மாலையும் பாருங்கள்; படகையும், தாழ்வான அறையிலுள்ள பொருள்களையும் மேட்டுக்கு ஏற்றுவதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் போதும்.