கடலடிக் கிணறு கசிந்தால் எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது?

உட்லண்ட்ஸில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "துவாஸ் கப்பல் பட்டறையில் மின்பணியாளராக இருந்த என் கணவர், அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள ஓர் எண்ணெய் ரிக்கில் வேலைக்குச் சேர்கிறார். 2024இல் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் எண்ணெய் ஒதுங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த அறிக்கையையும் யாரும் நம்புவதில்லை. கடலடியில் கிணறு உடைந்தால் ஏன் உடனே மூட முடிவதில்லை? 'நிலைமை கட்டுக்குள் இருக்கிறது' என்று நிறுவனம் சொன்னால் அதை எப்படி எடைபோடுவது?"

அம்மா, உங்கள் வீட்டாரின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலும் அது தவறான இடத்தில் போய் விழுகிறது. ஓர் அடைப்பு முயற்சி தோற்றவுடன் "எல்லாம் நாடகம்" என்று பேசுகிறோம். அதே நேரத்தில், நாளொன்றுக்கு இத்தனை பீப்பாய்தான் கசிகிறது என்று நிறுவனம் தரும் எண்ணை நாளிதழில் படித்துவிட்டு அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். கிணற்றுக் கட்டுப்பாட்டுத் துறையில் இருப்பவர்களைக் கேட்டால் இதை நேர்மாறாகச் செய்யச் சொல்வார்கள். தோல்வி இந்த வேலையில் எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. கசியும் அளவைப் பற்றிய எண்தான் முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டியது.

நீங்கள் குறிப்பிடும் 2024 சம்பவத்தை இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த மரின் ஆனர் என்ற எரிபொருள் கப்பலை வோக்ஸ் மாக்ஸிமா என்ற தூர்வாரும் கப்பல் மோதியதில் ஏறத்தாழ 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. அது ஒரு தொட்டியில் இருந்த எண்ணெய். தொட்டியின் கொள்ளளவு தெரியும், மீதமிருப்பதை வேறு கப்பலுக்கு மாற்றிவிடலாம், எனவே கசிவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. செந்தோசாவிலும் லாப்ரடாரிலும் ஈஸ்ட் கோஸ்டிலும் நாட்கணக்கில் நடந்தது கரையைத் துப்புரவாக்கும் வேலை. எண்ணெயின் ஊற்றை அடைக்கும் வேலை அல்ல. கடலடிக் கிணற்றுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. பல ஆயிரம் மீட்டர் ஆழத்துப் பாறைக்குள் பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் எண்ணெயும் வாயுவும், வழி கிடைத்துவிட்டால் அந்த அழுத்தம் தணியும்வரை வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அந்த அழுத்தத்தை வழக்கமாக மூன்று தடைகள் அடக்கி வைக்கின்றன. கிணற்றுக்குள் நிரப்பப்படும் கனமான துளைச்சேறு தன் எடையால் எண்ணெயைக் கீழே அழுத்துகிறது. குழாயைச் சுற்றி இறுகும் சிமெண்ட் பக்கவாட்டு வழிகளை மூடுகிறது. கிணற்றின் வாயில் பொருத்தப்படும் பி.ஓ.பி. என்ற வெடிப்புத் தடுப்பி, மற்றவை கைவிட்டால் குழாயையே வெட்டி மூடுகிறது. மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றில் 2010 ஏப்ரல் 20 இரவு இம்மூன்றும் பயனற்றுப் போயின. அக்கிணற்றைத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 11 பேர் உயிரிழந்தனர், இரண்டு நாட்களில் ரிக் மூழ்கியது, கசிவு 87 நாட்கள் நீடித்தது. வெடிப்புத் தடுப்பிக்குள் துளைக்குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கிவிட்டதால் வெட்டும் கத்திகளால் அதை முழுமையாக வெட்ட இயலவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரிய வந்தது.

ஏன் உடனே மூட முடியவில்லை என்பதற்கு மே மாதம் இறக்கப்பட்ட எஃகுப் பெட்டியைச் சொல்லலாம். கடற்படுகை 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்தது. முக்குளிப்பவர்கள் அங்கே போக இயலாது. கேமராவும் இயந்திரக் கைகளும் கொண்ட தொலைஇயக்க வாகனங்களே எல்லாவற்றையும் செய்தன. ஏறத்தாழ 100 டன் எடையுள்ள அந்தப் பெட்டியைக் கசிவின் மேல் கவிழ்த்து, உச்சியில் உள்ள குழாய் வழியாக எண்ணெயைக் கப்பலுக்கு ஏற்றுவது திட்டம். அந்த ஆழத்தில் நீரின் வெப்பநிலை உறைநிலையைவிடச் சில பாகையே கூடுதல், அழுத்தமோ மேற்பரப்பைப்போல் 150 மடங்கு. அந்நிலையில் எண்ணெயோடு வந்த வாயு குளிர்ந்த நீருடன் சேர்ந்து பனிக்கட்டி போன்ற திடப்பொருளாக உறைந்தது. ஹைட்ரேட் எனப்படும் அப்பொருள் பெட்டியின் உட்சுவர்களில் படிந்து உச்சிக் குழாயை அடைத்தது. அது நீரைவிட எடை குறைந்தது என்பதால் பெட்டியே மிதக்கத் தொடங்கியது. ஆழமற்ற கடலில் பலன் தந்த முறை ஆழ்கடலில் இப்படித் தோற்றதை வஞ்சகம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆயத்தம் போதவில்லை என்று சொல்லலாம். அது வேறு குற்றச்சாட்டு, அதைவிடக் கடுமையானதும்கூட.

மே மாத இறுதியில் கனமான துளைச்சேற்றை மேலிருந்து வேகமாகச் செலுத்தி எண்ணெயைக் கீழே தள்ளப் பார்த்தார்கள். ரப்பர்த் துண்டுகளையும் கோல்ஃப் பந்துகளையும்கூடச் செலுத்தினார்கள். பொதுமக்கள் கேலி செய்தது இதைத்தான், ஆனால் ஓட்டையை அடைக்க இப்படிப்பட்ட பொருட்களைச் செலுத்துவது இத்துறையில் பழைய முறை. 1979இல் அதே வளைகுடாவின் இக்ஸ்டாக் கிணற்றிலும் எஃகு, ஈயக் குண்டுகளைச் செலுத்தினார்கள். மக்கோண்டோவில் மூன்று நாட்களில் முயற்சி கைவிடப்பட்டது. உள்ளே போன சேறு, ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீராக, வெடிப்புத் தடுப்பியின் வழியே மேலேயே வெளியேறியது.

இங்கேதான் எண்ணிக்கை பற்றிய பேச்சு வருகிறது. கசிவு நாளுக்கு 1,000 பீப்பாய் என்று முதலில் சொன்னார்கள், சில நாட்களில் அது 5,000 ஆனது. கடலடிக் காணொளி வெளியானதும், நிறுவனத்தோடு தொடர்பில்லாத பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் எண்ணெய் பீறிடும் வேகத்தைப் படம் படமாக அளந்து, ஏறத்தாழ 70,000 பீப்பாய் இருக்கும் என்றார். இறுதியில் அமெரிக்க அரசாங்க அறிவியல் குழுவே, தொடக்கத்தில் 62,000 பீப்பாயாகவும் முடிவில் 53,000 ஆகவும் இருந்ததாக அறிவித்தது. அதிபர் அமைத்த விசாரணை ஆணையம், அளவைக் குறைத்து மதிப்பிட்டது அடைப்பு முயற்சிகளின் திட்டமிடலையே பாதித்திருக்கக்கூடும் எனச் சுட்டிக்காட்டியது. 5,000 பீப்பாய் ஊற்றை எதிர்த்துத் தள்ளத் தேவையான விசையும் 60,000 பீப்பாய் ஊற்றை எதிர்த்துத் தள்ளத் தேவையான விசையும் ஒன்றல்ல. 2012இல், அக்கிணற்றுக்குப் பொறுப்பான பிபி நிறுவனம், கசிவின் அளவு குறித்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தவறான தகவல் தந்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டது. அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படும் நாட்டில், கசியவிட்டவரே கசிவை அளந்து சொல்வதை எவரும் ஏற்றுக்கொள்ளக்கூடாது.

ஆனால் அடைத்துவிட்டதாகச் சொன்ன பிறகும் சந்தேகப்பட வேண்டுமா? ஜூலை 15 அன்று, கேப்பிங் ஸ்டேக் எனப்படும் புதிய மூடியின் வால்வுகளை மூடியதும் ஓட்டம் நின்றது. ஆனால் உள்ளே ஏறிய அழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சதுர அங்குலத்துக்கு 7,500 பவுண்டுக்கு மேல் இருந்தால் கிணறு நலமாக இருக்கிறது, 6,000க்குக் கீழே இருந்தால் பாறைக்குள் எங்கோ கசிகிறது என்று வரையறுத்திருந்தார்கள். அளவுமானி இரண்டுக்கும் இடையில் நின்றது. பாறைக்குள் கசிகிறது என்றால் மூடியைத் திறந்தே ஆக வேண்டும், இல்லையேல் கடற்படுகையே பிளந்துவிடக்கூடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலத்தடி நீரியலாளர் பால் ஷே, கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பப்பட்ட அழுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இரவோடிரவாகக் கணித்தார். மூன்று மாதமாக எண்ணெய் வெளியேறியதால் பாறையின் அழுத்தமே தணிந்திருக்கிறது, வரைகோட்டின் வடிவம் அதோடு பொருந்துகிறது என்பது அவர் முடிவு. மூடி மூடியபடியே விடப்பட்டது. ஆகஸ்டில் சேறும் சிமெண்டும் செலுத்தப்பட்டன. கசியும் கிணற்றை ஆழத்தில் சென்று தொடுவதற்காகத் தள்ளியிருந்து சாய்வாகத் தோண்டப்படும் துணைக் கிணறு வந்து சேர்ந்த பின், செப்டம்பர் 19 அன்றுதான் கிணறு முற்றிலும் அடைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். ஓட்டம் நின்ற நாளுக்கும் கிணறு அடைக்கப்பட்ட நாளுக்கும் இடையே இரண்டு மாதங்களுக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். "நின்றுவிட்டது" என்ற செய்தி உண்மையாகவே இருந்தாலும் வேலை அதோடு முடிவதில்லை.

உங்கள் கணவர் போகும் பகுதிக்கு இன்னும் நெருக்கமான பாடம் மொன்டாரா. 2009 ஆகஸ்ட் 21 அன்று திமோர் கடலில் அக்கிணறு பீறிட்டபோது மேடையில் இருந்த 69 பேரும் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் மனம் முதலில் தேடும் செய்தி இதுவாகத்தான் இருக்கும். கசிவு நவம்பர் 3 வரை நீடித்தது. நீர் ஆழம் சுமார் 80 மீட்டர்தான், ஆயினும் மேடைக்கு அருகே போவதே ஆபத்து என்பதால், தள்ளி நின்ற இன்னொரு ரிக்கிலிருந்து துணைக் கிணறு தோண்டினார்கள். கடற்படுகைக்கு அடியில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில், 25 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒரு குழாயைச் சாய்வாகத் துளைத்துச் சென்று தொட வேண்டும். நான்கு முறை தவறியது. தவறும்போதெல்லாம் சற்றுப் பின்வாங்கி, காந்தப்புலத்தை அளந்து, திசையைத் திருத்தி மீண்டும் துளைத்தார்கள். ஐந்தாம் முறை தொட்டார்கள். வாராவாரம் "மீண்டும் தோல்வி" என்று வந்த செய்திகள் உண்மையில் இலக்கு நெருங்கி வந்ததையே காட்டின.

அதே மொன்டாராவில் சந்தேகம் முழுக்க நியாயமாக இருந்த இடமும் உண்டு. நாளுக்கு 400 பீப்பாய் என்றது நிறுவனம். 2,000 வரைகூட இருக்கலாம் என்றது ஆஸ்திரேலிய அரசுத் துறை. எண்ணெய் தங்கள் கடற்பாசிப் பண்ணைகளை அழித்துவிட்டது என்று இந்தோனீசியாவின் ரோட்டே, கூப்பாங் வட்டார விவசாயிகள் சொன்னதை நிறுவனம் ஏற்கவில்லை. 2021இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் தீர்ப்பளித்தது, மறு ஆண்டு 192.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது. அவ்விவசாயிகள் காத்திருந்த காலத்தை நினைக்கும்போது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

ஆகவே அறிக்கை ஒன்று வரும்போது, கசிவின் அளவை யார் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். கடலடிக் காணொளியும் அழுத்த அளவீடுகளும் வெளியாள் பார்க்கும்படி வெளியிடப்பட்டால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. "இவ்வார இறுதிக்குள் அடைத்துவிடுவோம்" என்ற வாக்கை ஒதுக்கிவிட்டு, துணைக் கிணறு தொடங்கிவிட்டதா, எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்று தேடுங்கள். முதல் சில வாரங்களில் அதைத் தொடங்காத நிறுவனத்தின் மற்ற உறுதிமொழிகளுக்கு நான் மதிப்புத் தரமாட்டேன்.

உங்கள் கணவர் புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவருடைய ரிக் கடற்படுகையில் கால் ஊன்றி நிற்பதா, மிதப்பதா? மக்கோண்டோவுக்குப் பின் எண்ணெய் நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய கேப்பிங் ஸ்டேக்குகளில் ஒன்று நம் சிங்கப்பூரிலேயே தயார்நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அது கடற்படுகையில் வாய் கொண்ட கிணறுகளுக்கானது. கால் ஊன்றி நிற்கும் ரிக்கில் வெடிப்புத் தடுப்பி மேல்தளத்தில் இருப்பதால் அங்கே பெரும்பாலும் துணைக் கிணறே கடைசி வழி. ஆஸ்திரேலியக் கடலில் துளையிடும் நிறுவனங்கள், மிக மோசமான நிலையில் எவ்வளவு கசியும், துணைக் கிணறு தோண்டி முடிக்க எத்தனை நாளாகும், அதற்கான ரிக் எங்கிருந்து வரும் என்பதை நொப்செமா என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் சுற்றுச்சூழல் திட்டமாக ஒப்படைக்க வேண்டும். அத்திட்டங்கள் அவ்வமைப்பின் இணையத்தளத்தில் கிடைக்கின்றன. கிணற்றின் பெயரைக் கணவரிடம் கேட்டு வாங்கி, இருவரும் சேர்ந்தே அந்தப் பக்கங்களைப் படித்துவிடுங்கள்.