மாலையில் மூடும் கதவுகள்

கேள்வி: ஜேம்ஸ் டாஷ்னரின் 'தி மேஸ் ரன்னர்' நாவலின் பின்னணி பிரமாதம். ஆனால் ஆல்பியைப் போன்ற பலவீனமானவனைத் தலைவனாக வைத்தது ஏன்? தாமஸ்தானே உண்மையான தலைவன்?

பதில்: 'பின்னணி' என்ற சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. பின்னணி என்பது நடிகர்களுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலை. அதைக் கழற்றிவிட்டாலும் நாடகம் நடக்கும். ஆனால் நிலத்தையும் பொழுதையும் 'முதற்பொருள்', அதாவது மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை, என்றார் தொல்காப்பியர். அவர் சொன்னது அகத்திணைக்கு என்றாலும், 2009இல் வெளிவந்த இந்த அமெரிக்க நாவலை வாசிக்க அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

'கிளேட்' என்ற அந்த வெளியைச் சுற்றிக் கொடி படர்ந்த கல்மதில்கள், பக்கத்துக்கு ஒரு வாயில். பொழுது சாய்ந்ததும் வாயில்கள் மூடிக்கொள்ளும். வெளியே புதிர்வழியில் சிக்கியவன், கிரீவர்கள் என்ற பாதி இயந்திரமான கொடிய உயிரிகளுக்கு இரை. நிலத்தடியிலிருந்து ஏறிவரும் பெட்டியில் வாரந்தோறும் பொருள்களும் மாதந்தோறும் ஒரு பையனும் வந்து சேர்வார்கள். பெயரைத் தவிரத் தம்மைப் பற்றி எதுவும் நினைவில்லாத இந்தப் பையன்கள் இரண்டு ஆண்டுகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு சாகாமல் இருந்ததற்கு, உழவு, கசாப்பு, சமையல், கட்டுமானம் என ஆளுக்கொரு வேலையும், வேலைக்கொரு கீப்பரும் (பொறுப்பாளன்), புதிர்வழியில் ஓடி வழி தேடும் ரன்னர்களைத் தவிர எவரும் வாயிலைத் தாண்டக் கூடாது என்ற முதல் விதியும்தான் காரணம். அந்த ஒழுங்கைக் காத்து நின்றவன் ஆல்பி. அவனைப் பலவீனன் என்று நீங்கள் எழுதியது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தாமஸின் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மயங்கிக் கிடக்கும் ஆல்பியை ரன்னர்களின் கீப்பரான மின்ஹோ இழுத்து வர, வாயில் மூடிக்கொண்டிருக்க, போகாதே என்று ஆல்பிக்கு அடுத்த நிலையிலிருக்கும் நியூட் கத்தக் கத்தத் தாமஸ் உள்ளே பாய்கிறான். இரவு முழுவதும் ஆல்பியை மதிலில் கொடிகளால் கட்டித் தொங்கவிட்டுக் காப்பாற்றுகிறான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்குப் பின் கீப்பர்கள் கூடும் இடத்தைத்தான். தாமஸைத் தண்டித்தே தீர வேண்டும் என்கிறான் கேல்லி என்ற கீப்பர். தாமஸையே ரன்னர்களின் கீப்பராக்க வேண்டும் என்கிறான் மின்ஹோ. ஆல்பி படுக்கையில் கிடப்பதால் கூட்டத்தை நடத்தும் நியூட், விதியை மீறியதற்கு ஒரு நாள் சிறை, அதன் பிறகு ரன்னர் பயிற்சி என்று தீர்ப்பளிக்கிறான். செய்த நன்மைக்காக விதியையும் தளர்த்தவில்லை, விதிக்காக அந்த நன்மையையும் மறைக்கவில்லை. தலைமை என்று நான் மதிப்பது இதைத்தான். உங்கள் கேள்வியில் நியூட்டின் பெயரே இல்லை.

பிறகு ஒருநாள் சூரியன் மறைந்து வானம் சாம்பல் நிறமாகிறது. அன்றிரவு கதவுகள் மூடவில்லை. முதற்பொருள் மாறிவிட்டது. மூடும் கதவை நம்பி எழுதப்பட்ட விதிகள் அந்த ஓர் இரவிலேயே பொருளிழக்க, வெளியேறும் வழி தேடும் தாமஸின் கை ஓங்குகிறது. ஆல்பியின் குணம் கெட்டுப்போகவில்லை. அவன் ஆண்ட நிலம்தான் இல்லாமல் போயிற்று. வெளியுலகம் எத்தகையது என்று நினைவு வந்தபின் அங்கே திரும்பவே அஞ்சிய அவன், கடைசியில் எல்லோரோடும் புறப்பட்டுப் போய், யாரும் எதிர்பாராத நேரத்தில் தனியாகக் கிரீவர்களை நோக்கி நடக்கிறான். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.