பதினைந்து வருடம் ஓட வேண்டிய மென்பொருளுக்கு எந்த ஃப்ரேம்வொர்க்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது பனியன் கம்பெனி. நூல் வாங்குவது, நிட்டிங், டையிங்குக்கு வெளியே அனுப்புவது, கட்டிங், தையல், பேக்கிங், பில், பீஸ் ரேட் சம்பளம் எல்லாமே இப்போது பாதி பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6) புரோகிராமிலும் பாதி எக்செல்லிலும் நடக்கிறது. பிரவுசரில் ஓடுகிற மாதிரி புதிதாக எழுதிக்கொள்ள நினைக்கிறோம். எந்த ஃப்ரேம்வொர்க்கில், அதாவது மென்பொருள் எழுத ஆயத்தமாகக் கிடைக்கும் எந்த அடிப்படைச் சட்டகத்தில், எழுதுவது என்று கேட்டால் ஒருவர் ஜாங்கோ என்கிறார், ஒருவர் லாராவெல், இன்னொருவர் நோட் ஜேஎஸ், ரியாக்ட் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார். குறைந்தது பதினைந்து வருடம் ஓட வேண்டும். எதை எடுப்பது?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஜாங்கோ எடுங்கள், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ். எழுதித்தரப் போகிறவருக்கு பிஎச்பிதான் கைவந்தது என்றால் லாராவெல் எடுத்தாலும் தவறில்லை. பிரவுசரில் தெரிகிற முன்பக்கம் முழுக்க ரியாக்ட், பின்னால் சர்வரில் நோட் என்று இரண்டு தனித்தனி புரோகிராமாகப் பிரித்து எழுதுவது மட்டும் இந்த வேலைக்கு வேண்டாம்.

ஏன் என்று சொல்ல உங்கள் விபி6 புரோகிராமையே எடுத்துக்கொள்ளலாம். விபி6 வந்தது 1998-ல். அதில் எழுதுவதற்கான கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனாலும் அதில் எழுதியது விண்டோஸ் 11-லும் ஓடுகிறது, ஏனென்றால் ஓடுவதற்குத் தேவையான அடிப்படைக் கோப்புகளை விண்டோஸோடு சேர்த்தே தந்துகொண்டிருக்கிறார்கள். ஆபீஸ் மூலையில் இருக்கிற ஒரு கணினியில் அப்படியே விட்டுவைக்க முடிந்தது. இணையத்தில் திறந்திருக்கிற சர்வரில் அது நடக்காது. 2021 டிசம்பரில் ஜாவா மொழியின் லாக்4ஜே என்ற சின்ன நூலகத்தில் (மற்ற மென்பொருள்கள் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பில்) ஓட்டை இருப்பது வெளியே வந்ததும் உலகம் முழுக்க ஆபீஸ்களில் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து சரிசெய்தார்கள். ஆக, வெப் மென்பொருள் என்றால் வெர்ஷன் ஏற்றும் வேலை அது ஓடுகிற வரைக்கும் உண்டு. அந்த வேலை எவ்வளவு வலிக்கும் என்பதை வைத்துத்தான் ஃப்ரேம்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேகம், அழகு, இந்த வருடம் யார் அதிகம் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு ஃப்ரேம்வொர்க் தன் பழைய வெர்ஷனில் எழுதியவர்களை எப்படி நடத்தியது என்று பாருங்கள். ஆங்குலர் ஜேஎஸ் 2010-ல் கூகுளிடமிருந்து வந்தது, எத்தனையோ கம்பெனிகள் நம்பி எழுதினார்கள், 2016-ல் வந்த ஆங்குலர் 2 பெயரில் மட்டும்தான் தொடர்ச்சி, உள்ளே முழுக்க வேறு. பழையதற்கு 2021 கடைசியோடு ஆதரவு முடிந்தது. பிரவுசரில் மென்பொருள் ஓட்ட மைக்ரோசாஃப்ட் தந்த சில்வர்லைட் 2007-ல் வந்து 2021 அக்டோபரில் முடிந்தது. வியூ என்ற ஃப்ரேம்வொர்க்கின் வெர்ஷன் 2-க்கு 2023 டிசம்பர் 31 கடைசி நாள். பின்னால் பெரிய கம்பெனி இருக்கிறது என்பது பதினைந்து வருடத்துக்கு உத்தரவாதம் இல்லை.

ஜாங்கோ, அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு நாளிதழ் ஆபீஸில் எழுதப்பட்டு 2005-ல் வெளியே வந்தது. இப்போது லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை அதைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்.டி.எஸ். என்ற நீண்டகால ஆதரவு வெர்ஷன் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். ஏப்ரல் 2025-ல் வந்த 5.2-க்கு ஏப்ரல் 2028 வரை. ஒரு வசதியை எடுக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பே வெர்ஷன்களில் எச்சரிக்கை காட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். ஜாங்கோ எழுதப்பட்ட பைத்தான் மொழி வெர்ஷன் 2-லிருந்து 3-க்கு மாறிய காலம் மட்டும் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் ஆளை நடுத்தெருவில் விடவில்லை, மாறுவதற்குப் பல வருடம் அவகாசம் இருந்தது. லாராவெலில் வருடத்துக்கு ஒரு பெரிய வெர்ஷன், ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் திருத்தம் இரண்டு வருடம். அதாவது கொஞ்சம் அடிக்கடி ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கூடுதல் பேக்கேஜ்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃப்ரேம்வொர்க் ஒழுங்காக மேலே போகும், அதோடு நீங்கள் சேர்த்த யாரோ ஒருவரின் பேக்கேஜ் போகாது, அதற்காக எல்லாமே நின்றுவிடும். எதைச் சேர்ப்பதற்கு முன்னாலும் அதன் கடைசி வெளியீடு எப்போது, பார்த்துக்கொள்வது ஒருவரா பலரா என்று கேளுங்கள். நோட் பக்கம் இந்தச் சங்கிலி மிக நீளம். 2016-ல் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரி நிரலை எழுதியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் பெரிய பெரிய திட்டங்கள் எல்லாம் தடுமாறின.

அப்புறம், ஃப்ரேம்வொர்க்கை விட வேகமாக மாறுவது சட்டம். இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது, 2023 ஆகஸ்டில் அது 5 கோடிக்கு இறங்கிவிட்டது. உங்கள் தொழிலிலேயே பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஆடைக்கு ஜி.எஸ்.டி. ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முந்தைய நாள் வரை 1,000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12. வரி விகிதத்தை நிரலுக்குள் எண்ணாக எழுதி வைத்திருந்தவர்கள் அந்த வாரம் என்ன பாடு பட்டிருப்பார்கள்! விகிதம், அது பொருந்தும் விலை வரம்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இவை எல்லாம் டேபிளில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் 1,500 ரூபாய்க்கு விற்ற ஸ்வெட்ஷர்ட்டின் பில்லை நவம்பரில் எடுத்துப் பார்த்தாலும் 12 சதவீதம்தான் காட்ட வேண்டும்.

டையிங் மாதிரி வெளியே கொடுத்துச் செய்கிற ஜாப் ஒர்க்குக்கும் இதே கவனம் வேண்டும். டையிங்குக்குப் போன துணி எந்த சலானில் எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ வந்தது, பிராசஸ் லாஸ் எவ்வளவு என்பதை ஒவ்வொரு அசைவும் ஒரு வரியாகப் பதியுங்கள். இருப்பு என்ற ஒரே எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போகாதீர்கள். வேலைக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பவில்லை என்றால் ஜி.எஸ்.டி.யில் அது அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கணக்காகிவிடும், ஆகவே பதினோராவது மாதம் மென்பொருளே எழுப்பிச் சொல்ல வேண்டும். இந்த டேபிள்கள் ஒழுங்காக இருந்தால் நாளைக்கு ஜாங்கோவே போய் வேறொன்று வந்தாலும் உங்கள் தொழில் நிற்காது.

கேள்வி: நான் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி நடத்துகிறேன். வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ரியாக்ட்தான் வேண்டும். சர்வரிலிருந்தே பக்கம் தயாராகி வருகிற பழைய முறை என்றால் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவர்கள் கவலை நியாயமானது, அடுத்த வேலைக்கு எது உதவும் என்று பார்க்கத்தானே செய்வார்கள். எங்கே தேவையோ அங்கே மட்டும் ரியாக்ட் கொடுங்கள். கலரும் சைஸும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு ஆர்டர் பதிகிற திரை, கட்டிங் திட்டம் போடுகிற திரை, இவற்றுக்கு அது நன்றாகவே இருக்கும். மற்றபடி வியாபார மென்பொருளில் பெரும்பாலான திரைகள் ஒரு படிவம், ஒரு பட்டியல், ஒரு அறிக்கை. அதற்கு சர்வரிலிருந்து வரும் சாதாரணப் பக்கம் போதும், நடுவில் கொஞ்சம் மட்டும் புதுப்பிக்க வேண்டுமானால் எச்டிஎம்எக்ஸ் என்ற சின்ன நூலகம் இருக்கிறது. இரண்டு புரோகிராமாகப் பிரித்தால் ஒரே விதியை, உதாரணத்துக்குத் தள்ளுபடி எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை, இரண்டு இடத்தில் எழுதுவீர்கள், ஆறாவது வருடம் ஒரு இடத்தில் மட்டும் திருத்துவீர்கள். புதிதாக வருகிறவர்களை முதல் மாதம் கஸ்டமரின் குடோனுக்கும் கணக்கர் மேஜைக்கும் அனுப்பி உட்கார வையுங்கள். தாங்கள் எழுதுவது யார் கையில் போய் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு வேலையில் தனிப் பிடிப்பு வரும்.

கேள்வி: எதற்கு எழுதவே வேண்டும்? ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ மாதிரி ரெடிமேட் வியாபார மென்பொருள் எல்லாம் இருக்கிறதே?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: நல்ல கேள்வி, திருப்பூர் வாசகரும் இதை முதலில் யோசிக்க வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே கம்பெனியுடையது, திறந்த மூலம், கணக்கு, இருப்பு, உற்பத்தி எல்லாம் அதில் உண்டு. ஓடூ பெல்ஜியத்திலிருந்து வருகிறது. அதில் வருடம் ஒரு வெர்ஷன், கடைசி மூன்றுக்கு மட்டும் ஆதரவு, முழுக் கணக்கு வசதி பணம் கட்டும் பதிப்பில்தான். வாங்குவது, விற்பது, வைப்பது என்று வழக்கமான வியாபாரம் என்றால் எழுதாதீர்கள், இவற்றில் ஒன்றை எடுங்கள். அதன் மூல நிரலில் மட்டும் கைவைக்காதீர்கள், உங்கள் மாற்றத்தைத் தனி ஆப்பாக எழுதிச் சேர்க்க இரண்டிலுமே வழி இருக்கிறது. கைவைத்தால் அடுத்த வெர்ஷன் ஏற்ற முடியாது. பனியன் கம்பெனி மாதிரி நூல், துணி, பீஸ் என்று அளவே மாறிக்கொண்டு போகிற தொழிலில் உற்பத்தியையும் ஜாப் ஒர்க்கையும் சொந்தமாக எழுதி, கணக்கை ரெடிமேடில் வைப்பது நல்ல வழி.

கேள்வி: ஜாவா ஸ்பிரிங் பூட், டாட்நெட் பற்றி ஏன் யாரும் சொல்வதில்லை?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆள் இருந்தால் இரண்டுமே தாராளமாக எடுக்கலாம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எல்.டி.எஸ். வெர்ஷனுக்கு மூன்று வருடம், 2025 நவம்பரில் வந்தது டாட்நெட் 10. ஜாவா மொழிக்கான ஸ்பிரிங் 2004-லிருந்து இருக்கிறது. 2022-ல் ஸ்பிரிங் பூட் 3 வந்தபோது ஜாவா 17 கட்டாயமானது, நிரல் முழுக்க ஜாவெக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்களை ஜகார்த்தா என்று மாற்ற வேண்டியிருந்தது, ஆனால் அதைச் செய்துதரும் கருவிகளும் கூடவே இருந்தன. சின்னக் கம்பெனிக்கு இரண்டு பேர் மட்டும் எழுதப் போகிறார்கள் என்றால் ஜாங்கோவில் வேலை சீக்கிரம் முடியும், அதன் அட்மின் திரை ஒன்றே பொருள், வாடிக்கையாளர் மாதிரியான மாஸ்டர் பதிவுகளில் பாதியைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: எழுதித்தந்தவர் பாதியில் போய்விட்டால் என்ன செய்வது? முதலிலேயே எதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நிரல் இருக்கும் கிட் கணக்கு, சர்வர், டொமைன், மூன்றும் கம்பெனி பெயரில், கம்பெனி மெயிலில் இருக்க வேண்டும், எழுதுகிறவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். பில், வரி, சம்பளம் கணக்கிடும் பகுதிகளுக்குத் தானியங்கிச் சோதனைகள் எழுதித்தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள், அடுத்து வருகிறவர் பயமில்லாமல் வெர்ஷன் ஏற்ற அதுதான் உதவும். எல்.டி.எஸ். மாற்றத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு கட்டாயம், அதை அணைக்கவும் முடியக்கூடாது, கணக்குப் புத்தகங்களை 8 வருடம் வைத்திருக்க வேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். தினமும் பேக்கப் எடுப்பதோடு விடாமல், மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் ஏற்றி, போன வாரத்துப் பில் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதை எழுதித்தந்தவர் செய்யக்கூடாது, உங்கள் ஆபீஸில் உள்ள ஒருவர் குறிப்பைப் பார்த்தே செய்ய வேண்டும்.